சனிக்கிழமைப் பயணி

ஒலிபெருக்கியில் மாமாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அனுசியாவுக்கு அது முதலில் காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. ஏசிக் குளிரும், தரை துடைத்த மருந்தின் எலுமிச்சை வாசமும், ஏதோ ஒரு குழந்தை கைப்பேசியில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்த பாட்டும் கலந்து கிடந்த அந்தக் கூடத்தில், வயிற்றை மறைத்தாற்போலக் கைப்பையை வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால் வெயிலில் நின்ற விமானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தமிழில் கூப்பிட்டார்கள். இந்தியில் கூப்பிட்டார்கள். ஆங்கிலத்தில் கூப்பிட்டபோதுதான் அவள் முதுகு நிமிர்ந்தது. சென்னை செல்லும் பயணி திரு. தாணுலிங்கம் உடனே போர்டிங் கேட் அருகே வரவும்.

தாணுலிங்கம் அவளுடைய மாமனார். புதன்கிழமை காலையில் மணப்பாட்டுக் கடலில் குளிக்க இறங்கியவர், இடுப்பளவுத் தண்ணீரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை. இப்போது அவர் சரக்குக் கூடத்தில், உள்ளே தகரம் அடித்து மூடிய மரப்பெட்டிக்குள் இருக்கிறார்.

யாரோ தெரியாமல் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். காரணமும் உடனே பிடிபட்டது. மும்பையிலிருந்து ஊர்ப்பக்கம் கடலும் கோயிலுமாகச் சுற்றிவிட்டு வரலாம் என்று மாமாதான் இந்தப் பயணத்தைப் போட்டார். ஐந்தாம் மாதத்தில் விமானத்தில் போகலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தாள். போக, வர இருவருக்கும் ஒன்றாகத்தான் டிக்கெட். சென்னை வழியாகத் திரும்புகிற டிக்கெட் இந்தச் சனிக்கிழமைக்கு. நடந்ததற்கெல்லாம் நடுவில் அவருடைய டிக்கெட்டை ரத்துசெய்ய வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. செத்தவருக்கு டிக்கெட் இருப்பது யாருக்கு ஞாபகம் வரும்?

எழுந்து கவுண்டருக்குப் போனாள். வாத்தியார்கள், அதிகாரிகள் முன்னால் பேச வேண்டும் என்றாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதும் அதனால்தான். சட்டைப்பையில் ஜெஸ்டின் என்று பெயர் குத்தியிருந்த பையன் அவளைவிடச் சின்னவனாகத் தெரிந்தான். கொஞ்சம் தைரியம் வந்தது. அவர்கள் கூப்பிடுகிறவர் இறந்துவிட்டார் என்றும், பெட்டி சரக்கில் வருகிறது என்றும், பெட்டிக்குத் துணையாகப் போகிறவள் தான்தான் என்றும் சொன்னாள்.

அவன் முகம் மாறியது. ரொம்ப வருத்தம் அக்கா என்றான். பிறகு கணினியைப் பார்த்தான். இருவருக்கும் ஒரே டிக்கெட் எண் என்பதால் அவளுக்கு இருக்கை போட்டபோதே அவருக்கும் போட்டுவிட்டது என்றான். அவரை நீக்க இறப்புச் சான்றிதழின் அசல் வேண்டும். அசல் சரக்குக் கூடத்துக் காகிதங்களோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கிறது. நகல் போதாது. நான் பேசிக்கிடுதேன், நீங்க உக்காருங்க என்று அவன் சொன்னது அன்பாகத்தான் இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். மூன்று இருக்கைகளை ஒரே இரும்புச் சட்டத்தில் கோத்த பெஞ்சு அது. ஒருவர் உட்கார்ந்தால் மற்ற இரண்டும் லேசாக அசையும். மேலே திரையில் அவளுடைய விமானத்துக்கு நேரே இருந்த பச்சை எழுத்து சிவப்பாக மாறியது. தாமதம்.

இந்தப் பெட்டி நேற்றே போயிருக்க வேண்டியது. மாமாவின் தம்பி வெள்ளத்துரை, அவளுக்குச் சின்ன மாமா, ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர், அவர்தான் வெள்ளிக்கிழமை பெட்டியோடு போவதாக ஏற்பாடு. வயிற்றுப்பிள்ளைக்காரி பிணத்தோடு போகக்கூடாது, அவள் சனிக்கிழமை தன் டிக்கெட்டில் தனியாக வரட்டும் என்பதில் வீட்டில் யாருக்கும் இரண்டாவது பேச்சு இல்லை. ஊரிலேயே எரித்துவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் மும்பையில் ரத்தச் சுத்திகரிப்பில் கிடக்கிற மாமாவின் மனைவி, அத்தை செல்லத்தாய், முகத்தைக் காட்டாமல் எரித்தால் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிடுவேன் என்று போனில் சொல்லிவிட்டாள். அவளை விட்டு நகர முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தான் அனுசியாவின் கணவன் பாண்டியராஜன்.

பிரேதப் பரிசோதனைச் சான்றிதழ், உடம்பைப் பதப்படுத்திய சான்றிதழ், பெட்டியை மூடி முத்திரை வைத்த சான்றிதழ் எல்லாம் வந்தன. போலீஸ் தடையில்லாச் சான்றிதழ் மட்டும் வரவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். வெள்ளி போய்ச் சனி விடிந்துவிட்டது.

பெட்டி சனிக்கிழமைதான் போகும் என்று தெரிந்ததிலிருந்து வெள்ளத்துரையின் மனைவி, சின்னத்தை ஜீவமணி தூங்கவில்லை. விடிகிறதற்கு முன்னாலேயே ஓலைப்பெட்டியில் ஒரு கோழிக்குஞ்சோடு வந்து நின்றாள்.

"சனிப் பொணம் தனியாப் போவாதுளா. தொணைக்கு ஒண்ணக் குடுத்து அனுப்பிறணும். இல்லன்னா அதுவாப் பாத்து எடுத்துக்கிடும்."

ஊரில் என்றால் பாடையில் ஒரு குஞ்சைக் கட்டிவிடுவார்கள், காரியம் முடிந்தது. இங்கே சரக்குக் கூடத்து எழுத்தர் அந்த ஓலைப்பெட்டியைப் பார்த்து, உயிருள்ள பறவைக்குக் கால்நடை மருத்துவர் சான்றிதழும் தனி புக்கிங்கும் வேண்டும் என்றார். குஞ்சு இல்லாவிட்டால் தேங்காய். முத்திரை வைத்த பெட்டியில் எதையும் கட்டக்கூடாது என்றார். சரி, நானே கையில் கொண்டுபோகிறேன் என்று தேங்காயை வாங்கிக்கொண்ட வெள்ளத்துரையை வாசல் காவலர் உள்ளேயே விடவில்லை. போலீஸ் சான்றிதழை வாங்குகிற அவசரத்தில் அவர் தன் ஆதார் அட்டையை ஸ்டேஷனிலேயே கொடுத்துவிட்டு வந்திருந்தார். நகல் செல்லாது. போனில் ஆதாரைத் திறக்கப் பார்த்தால், ஓடிபி எண் எப்போதோ தொலைந்துபோன பழைய சிம்முக்குப் போயிற்று. துணைக்கு ஆள் இல்லாவிட்டால் பெட்டி ஏறாது, ஞாயிறு சரக்குக் கூடம் மூடல், திங்கள்தான் என்றார்கள். திங்கள் வரைக்கும் அத்தை தாங்குவாளா?

அப்படித்தான் துணை ஆளுக்கான காகிதத்தில் அனுசியாவின் பெயரை எழுதினார்கள். அப்படித்தான் தேங்காயும் அவள் பைக்கு வந்தது. பாதுகாப்புச் சோதனையில் பையை நிறுத்தி, தேங்காயை எடுத்து, கைப்பையில் அனுமதி இல்லை என்று ஒரு நீலத் தொட்டியில் போட்டார் அந்த வடநாட்டுக் காவலர். கடைக்குப் போய்வருகிற அளவு இந்தி அனுசியாவுக்குத் தெரியும். பிணத்துக்குத் துணை என்பதற்கு இந்தி தெரியாது. பேசாமல் வந்துவிட்டாள்.

அதனால் ஒன்றும் ஆகாது. படித்தவர்கள் யாரும் இதையெல்லாம் நம்புவதில்லை. பிள்ளை உள்ளே லேசாக உதைத்தது. மீன்குஞ்சு திரும்புவது போல ஒரு துள்ளல். அந்த ஒரு வாரமாகத்தான் அது அப்படித் துள்ளப் பழகியிருந்தது. அவள் கையை அங்கே வைத்துக்கொண்டாள்.

வெயில் சாய்ந்தது. ஓடுபாதைக்கு அப்பால் உடைமரங்களும் அதற்கும் அப்பால் தேரி மணல்மேடுகளும் செம்மண் நிறப் புகையாக மங்கின. கிழக்கிலிருந்து உப்பளக் காற்று வந்து பெரிய கண்ணாடிகளின் ரப்பர் விளிம்புகளில் உரசி, யாரோ உதடு குவித்து ஊதுவது போல ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டே இருந்தது. திரையில் சிவப்பு எழுத்து மாறவில்லை. செயல்பாட்டுக் காரணங்கள் என்று மட்டும் அறிவித்தார்கள். ஒரு பொட்டலம் உப்புமாவும் ஒரு தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள். அதற்கும் வரிசையில் நின்று போர்டிங் பாஸைக் காட்ட வேண்டியிருந்தது.

பெஞ்சின் மறுகோடியில் ஒரு காயல்பட்டினத்து அம்மாள் வந்து உட்கார்ந்தாள். சம்சுன்னிசா என்று பெயர். மகனைச் சென்னையில் துபாய் விமானத்துக்கு ஏற்றிவிடப் போகிறாளாம். அவனுடைய விசாவுக்கு நாளையோடு கெடுவாம், இவனுங்க இப்படி உக்கார வச்சிருக்கானுவளே என்று அவள் புலம்பினாள். மகன் தள்ளி நின்று போனில் கம்பெனிக்காரனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். அனுசியாவின் வயிற்றைப் பார்த்ததும் அவள் முகம் இளகியது. டப்பாவைத் திறந்து தம்மடைத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ரவையும் முட்டையும் சர்க்கரையும் போட்டுச் சுட்ட பலகாரம், நெய் வாசம் ஆளைத் தூக்கியது. காலையிலிருந்து ஒன்றும் இறங்காத தொண்டையில் அது இறங்கியது.

அந்த அம்மாள் இன்னொரு துண்டை எடுத்து இருவருக்கும் நடுவில் இருந்த காலி இருக்கையில் காகிதம் விரித்து வைத்தாள்.

"இத ஒங்க அப்பாவுக்கு வச்சிருங்க. சுகர் ஏதும் இருக்கா அவங்களுக்கு?"

யாருக்கு என்று அனுசியா கேட்டாள்.

"இவ்வளவு நேரம் இங்கன ஒங்க பக்கத்துலதான இருந்தாங்க. நான் வரவும் எடம் விட்டு எந்திரிச்சிப் போனாங்க. மரியாதையான மனுசரு. காலுதான் பாவம், ஈரமா இருந்திச்சி."

அனுசியா தரையைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது. அப்படி யாரும் என்னோடு வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் பிறகு அதைப் பற்றிப் பேச வேண்டிவரும். வாயை மூடிக்கொண்டாள். இத்தனை பேர் உட்கார்ந்து எழுகிற இடம். எந்தக் கிழவரோ.

சற்று நேரத்தில் சம்சுன்னிசா மகன் கூப்பிட்டான் என்று எழுந்து போனாள். பெஞ்சு மேலே எழும்பியது. அனுசியா மூச்சை விட்டாள்.

பெஞ்சு கீழே அமிழ்ந்தது.

மெதுவாக. முழங்கால் வலிக்காரர் இரண்டு கையையும் ஊன்றி, பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி உட்காருவது போல. இரும்புச் சட்டம் ஒருமுறை முனகி நின்றது. நடு இருக்கையில் காகிதமும் அதன்மேல் தம்மடைத் துண்டும் அப்படியே இருந்தன. அதற்கு அடுத்த இருக்கையில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வாசம் வந்தது. பூட்டிய அறையில் உலராமல் கிடந்த துண்டின் வாசம், கடல்தண்ணீரும் வேர்வையும் சேர்ந்த வாசம், அதற்கு அடியில் மூக்கை அறுக்கும் மருந்து நெடி. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த நெடியை அவள் மோந்திருக்கிறாள். பெட்டியை மூடும்முன் அடையாளம் காட்டச் சொன்னபோது.

பிள்ளை உள்ளே சுருண்டு ஒரு பக்கமாக ஒதுங்கியது. வலது பக்கம். அந்த இருக்கைக்கு மறு பக்கம்.

எழுந்து நடந்தாள். ஓடக்கூடாது என்று நடந்தாள். புத்தகக் கடைக்கு முன்னால் ஒரு கும்பல் கவுண்டரை மொய்த்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி மறுபடியும் அந்தப் பெயரைக் கூப்பிட்டது. தொப்பி போட்ட ஒருவர், "யாருய்யா அந்தத் தாணுலிங்கம்? மாலை போட்டுக் கூப்பிட்டாத்தான் வருவாராக்கும்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். பெட்டிக்குள் மாமாவின் கழுத்தில் கிடக்கும் சம்பங்கி மாலை அனுசியாவின் கண்ணில் வந்து நின்றது.

ஜெஸ்டினின் கழுத்துப்பட்டி தளர்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் கும்பலை விலக்கி ஓரமாக அழைத்துப் போனான். அவன் குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது. அந்த ஐயா நெசமாவே இறந்துட்டாங்களா?"

அவருடைய போர்டிங் பாஸ் பாதுகாப்பு வாசலில் பதிவாகியிருக்கிறது என்றான். அவள் உள்ளே வந்த அதே நேரம், அவளுக்கு அடுத்ததாக. உள்ளே வந்துவிட்டதாகக் கணினி காட்டுகிற பயணி ஏறாமல் கதவை மூடக்கூடாது, அது விதி, அதனால்தான் இந்தத் தாமதம் எல்லாம். அறைகள், கழிப்பறை, தொழுகைக்கு ஒதுக்கிய மூலை என்று எல்லா இடமும் ஆள் விட்டுத் தேடியாயிற்று. தேடப் போன காவலர் பார்த்தேன் என்கிறார். எங்கே என்றால், அந்தப் பெண் பக்கத்தில்தானே என்கிறார்.

நான் போகவில்லை, என்னை வெளியே விட்டுவிடுங்கள் என்றாள் அனுசியா. அவள் வாழ்நாளில் ஓர் அதிகாரியிடம் இத்தனை தெளிவாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவன் தலையைச் சொறிந்தான். சோதனை முடித்து உள்ளே வந்தவரை வெறுமனே வெளியே அனுப்ப முடியாது, பயணத்தை ரத்துசெய்து மேலாளர் கையெழுத்திட்டு, காவலர் புத்தகத்தில் ஏற்றி, ஊழியர் ஒருவர் கூட்டிப்போய் வாசலில் விட வேண்டும் என்றான். அவள் போகாவிட்டால் பெட்டியையும் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் திங்கட்கிழமை. அதுகூடப் பரவாயில்லை, நிறுத்துங்கள் என்றாள்.

"ஒரே டிக்கெட்டுல ரெண்டு பேரு இருக்கீங்கக்கா. ஒருத்தர மட்டும் ரத்துபண்ண சிஸ்டம் விடமாட்டேங்கு. அவங்களையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரையும் சேத்து வெளிய விட்டுருதேன்."

அவன் கேலி செய்யவில்லை. அவன் கண்கள் அவள் தோளுக்குப் பின்னால் எதையோ தேடி, தேடியது கிடைக்காமல் திரும்பி வந்தன.

போன் அதிர்ந்தது. சின்ன மாமா. காலையிலிருந்து அவர் வெளியே வாசல் பந்தலில்தான் நிற்கிறார். கூடத்தின் கடைசிக் கண்ணாடிச் சுவருக்கு வா, அங்கிருந்து தெரியும் என்றார். போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மங்கல் வெளிச்சத்தில் வேட்டியும் தோளில் துண்டுமாக நின்று, போனைக் காதில் வைத்தபடி கையை ஆட்டினார். அவரைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. நடுவில் இரண்டு விரற்கடைத் தடிமனில் கண்ணாடி. உள்ளங்கையை அதில் வைத்தாள். சில்லென்றிருந்தது.

சாப்பிட்டியாளா என்று கேட்டார். பாண்டி கூப்பிட்டான், அத்தை இன்னும் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறாளாம், எப்போ வாராங்க, எப்போ வாராங்க என்று கேட்டபடி இருக்கிறாளாம். கொஞ்சம் பொறுத்துக்க, சென்னையில் ஏறிவிட்டால்...

அதோடு நிறுத்திவிட்டார்.

வாய் திறந்தபடியே இருந்தது. அவர் கண்கள் அவளை விட்டு விலகின. இடது பக்கம். அவள் தோளைவிட ஒரு சாண் உயரத்தில். மாமா அவளைவிட ஒரு சாண் உயரம்.

தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார் வெள்ளத்துரை. அண்ணன் முன்னால் துண்டைத் தோளில் போட்டு நிற்காத மனிதர் அவர். போன் இன்னும் காதில்தான் இருந்தது. பேசியது அவளிடம் இல்லை.

"அண்ணே. அவ புள்ளத்தாச்சிண்ணே. என்னைய எடுத்துக்க. அவ வயித்துப் புள்ள வேண்டாம்ணே."

அனுசியா கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அவள் முகம் தெரிந்தது. பின்னால் கூடத்தின் விளக்குகள் தெரிந்தன. முகத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி பனித்தது. மூச்சுப் பட்டால் பனிக்குமே, அப்படி. ஓர் உள்ளங்கை அகலம். மறைந்தது. மறுபடியும் பனித்தது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

வெளியே வெள்ளத்துரை கண்ணாடியை அடித்தார். காவலர்கள் ஓடிவந்தார்கள். ஆதார் இருக்கிறதா, டிக்கெட் இருக்கிறதா, இங்கே நிற்க அனுமதி உண்டா என்று கேட்பது வாயசைவில் தெரிந்தது. கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. கடைசிவரை அந்த இடது பக்கத்தைப் பார்த்துக் கும்பிட்டபடியே போனார்.

போன் அணைந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. பயணி திரு. தாணுலிங்கம் வந்துசேர்ந்துவிட்டதாகவும், பொறுமை காத்த அனைவருக்கும் நன்றி என்றும் சொன்னது. கூடம் கைதட்டியது. பெட்டிகளின் சக்கரங்கள் உருண்டன. சம்சுன்னிசாவின் மகன் அல்லாஹ்வைத் துதித்துக்கொண்டே அவளைத் தாண்டி ஓடினான்.

அவள் நகரவில்லை. எல்லாரும் ஏறட்டும். கதவை மூடட்டும். மூடிவிட்டால் தன்னை விட்டுவிட்டுத்தானே போக வேண்டும்?

ஒரு பெண் ஊழியரும் ஒரு காவலரும் வந்தார்கள். பெண் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டாள். கர்ப்பிணிகளுக்கு இப்படி மயக்கம் வருவது சகஜம் என்றாள். வாங்க, நாங்கள் இருக்கிறோம் என்றாள். நான் வரவில்லை என்று அனுசியா சொன்னாள். சொன்னதாக நினைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. சக்கர நாற்காலி வந்தது. உட்கார வைத்தார்கள். தள்ளினார்கள். வாசலில் ஜெஸ்டின் நின்றான். அவள் பாஸை இயந்திரத்தில் வைத்தான். பச்சை விளக்கு. ஒரு பீப்.

அவன் கையில் வேறு எதுவும் இல்லை. இயந்திரம் இன்னொரு முறை பீப் என்றது.

வெளியே காற்று. உப்பு. இருட்டிக்கொண்டு வந்தது. விமானத்தின் வயிற்றுக் கதவு திறந்திருந்தது. மஞ்சள் உடுப்புக்காரர்கள் ஒரு நீளப் பெட்டியை உள்ளே தள்ளினார்கள். எளிதாகத் தள்ளினார்கள். காலையில் ஆறு பேர் தூக்கித் திணறிய பெட்டி. இப்போது இரண்டு பேர். ஒருவன் ஒரு கையால்.

படி.

அவளை இரண்டு பக்கமும் தாங்கி ஏற்றினார்கள். நடுவில் எங்கோ வயிற்றில் ஒரு பெரிய உதை. இதுவரை உதைக்காத உதை. தோலைப் பிடித்துத் தொங்குவது போல. விடமாட்டேன் என்பது போல. அவள் கையை வைத்தாள். இன்னொன்று. அப்புறம் ஒரு சின்னது.

அப்புறம் இல்லை.

இருக்கையில் உட்காரவைத்துப் பெல்ட் போட்டுவிட்டார்கள். ஜன்னல் ஓரம் மாமாவின் இடம். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. முன்னிருக்கையின் சாம்பல் துணியைப் பார்த்தாள். அதிலிருந்த தையலைப் பார்த்தாள். துணி. தையல். துணி. கதவு மூடும் சத்தம் காதை அடைத்தது. உதை என்றாள் உள்ளே பார்த்து. ஒரே ஒரு தடவை. கையின் கீழே வயிறு குளிர்ந்திருந்தது. தளர்ந்திருந்தது. யாரோ எழுந்துபோன இடம் போல.

விளக்கை மங்கவைத்தார்கள். பணிப்பெண் ஒவ்வொரு வரிசையாகப் பெல்ட்டைச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். அவர்கள் வரிசையில் நின்றாள். ஜன்னல் பக்கம் பார்த்து அவள் முகம் முழுக்கச் சிரிப்பாயிற்று. நாக்கைத் தட்டி டொக் டொக் என்று ஒலி எழுப்பினாள். போய், ஒரு சின்னப் பெல்ட்டோடு திரும்பி வந்தாள். அனுசியாவைத் தாண்டிக் குனிந்து அதை மாட்டினாள். நிமிர்ந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள், தூங்குகிறவர்களை எழுப்பாத குரல்.

"பறக்கும்போது குழந்தை அம்மா மடியில இருக்கணும் மேடம். கேட்டேன், தாத்தா தரமாட்டேங்கிறாங்க. சரி, அங்கேயே இருக்கட்டும். நல்லா ஒட்டிக்கிட்டு இருக்கு."

அவள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

விமானம் ஓடத் தொடங்கியது. அதிர்வில் அனுசியாவின் தலை தானாக அந்தப் பக்கம் சாய்ந்தது.

இருக்கை காலியாக இருந்தது. பெரிய பெல்ட் காலி இடத்தின் குறுக்கே இறுக்கமாக மாட்டியிருந்தது. அதில் கோத்த சின்னப் பெல்ட், ஒரு கைப்பிடிச் சுற்றளவில் வளையமாக, ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது. தொய்யவில்லை.

மெதுவாக விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.